ஹார்ட் டிஸ்க் எந்தப் படியில் தொலைகிறது, எந்த லினக்ஸ் அதைக் கண்டுபிடிக்கும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்தில் கோயில் அலுவலகமோ தமிழ்ப் பள்ளியோ, எங்கு போனாலும் மூலையில் ஒரு பழைய மேசைக் கணினி சும்மா கிடக்கும். அதில் இரண்டு பெரிய ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தி, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, எல்லோரும் கோப்புகளை வைத்தெடுக்கும் ஒரு சிறு சர்வராக்கிவிடலாம். ஆண்டுதோறும் சேரும் காவடிப் படங்கள், பெரியவர்கள் பாடிய பதிகங்களின் ஒலிப்பதிவு, 1860 நவம்பரில் மதராஸிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு டுரோ கப்பல் வந்து சேர்ந்த காலந்தொட்டுக் குடும்பங்கள் காத்துவரும் காகிதங்களின் ஸ்கேன் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். பலவற்றுக்கு வேறு பிரதியே கிடையாது. ஆகவே இந்த வேலையை நிதானமாகத்தான் செய்ய வேண்டும்.

தொடங்கியவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் மாட்டிக்கொள்கிறார்கள். டிஸ்க் ஏன் தெரியவில்லை என்பது ஒன்று, டிஸ்ட்ரோ எனப்படும் பல லினக்ஸ் வகைகளில் எதைப் போடுவது என்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகக் கேட்பதுதான் வழக்கம். ஆனால் ஒரு லினக்ஸில் தெரியாத டிஸ்க் இன்னொன்றில் பளிச்சென்று தெரிவதுண்டு. அதனால் இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் தொட்டியிலிருந்து பார்த்துக்கொண்டே வருவோம். டிஸ்க்குக்கும் அப்படி வரிசை உண்டு. முதலில் மின்சாரம், பிறகு டேட்டா கேபிள், கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸ், லினக்ஸின் மையமான கர்னல், டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் பார்ட்டிஷன், கடைசியில் அந்தப் பகுதியை ஒரு கோப்புறையில் இணைக்கும் மவுண்ட். மேல்படி சரியில்லாமல் கீழ்ப்படியைத் தோண்டுவது நேரத்துக்குக் கேடு. பயாஸே காணாத டிஸ்க்குக்காக லினக்ஸை மூன்று முறை திரும்ப ஏற்றினாலும் பயன் வராது.

மின்சாரமும் கேபிளும்

3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குக்கு 12 வோல்ட், 5 வோல்ட் இரண்டும் வேண்டும். 12 மோட்டாரைச் சுழற்றும். 5 டிஸ்க்கின் மின்சுற்றுப் பலகையை இயக்கும். 2.5 அங்குல டிஸ்க்குக்கு 5 மட்டும் போதும். அதனால்தான் சின்ன டிஸ்க் யூஎஸ்பி கேபிளிலேயே ஓடுகிறது, பெரியது தனி அடாப்டர் கேட்கிறது. கணினியை இயக்கும்போது டிஸ்க்கின் விளிம்பில் விரலை வையுங்கள். மெல்லிய அதிர்வு இருந்தால் மோட்டார் சுழல்கிறது. அதிர்வே இல்லை என்றால் பவர் கனெக்டரை மாற்றிப் பாருங்கள்.

புது டிஸ்க், பழைய பவர் சப்ளை, சுழலவே இல்லை என்றால் இன்னொரு காரணமும் உண்டு. இன்றைய டிஸ்க்குகளின் வழக்கமான இணைப்பு முறையான சாட்டாவின் பவர் கனெக்டரில் 15 முனைகள். அவற்றில் மூன்றாவது முனையில் பழைய பவர் சப்ளைகள் 3.3 வோல்ட் அனுப்பும். சர்வருக்கென வந்த புதிய டிஸ்க்குகள் சிலவற்றிலும், வெளி டிஸ்க் பெட்டியைப் பிரித்து எடுத்தவற்றிலும், அதே முனை 'டிஸ்க்கை நிறுத்து' என்னும் கட்டளைக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. மின்சாரம் வந்துகொண்டே இருப்பதால் டிஸ்க் நின்றே இருக்கும். அந்த முனையை வெப்பம் தாங்கும் கேப்டான் டேப்பால் மூடலாம், அல்லது மோலெக்ஸ் என்ற பழைய நான்கு முனை கனெக்டரிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிளைப் போடலாம். மாற்றுக் கேபிள் வாங்கும்போது கனெக்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மலிவு வகையில் உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுத் தீப்பிடித்ததுண்டு. கம்பிகள் தனித்தனியாகச் செருகப்பட்ட வகையையே வாங்குங்கள்.

டிஸ்க்கைச் செருகியதும் கணினியே இயங்க மறுக்கிறது, கழற்றினால் இயங்குகிறது என்றால், டிஸ்க்கின் பலகையில் இருக்கும் பாதுகாப்பு டயோடு பெரும்பாலும் மின் பாய்ச்சலில் எரிந்து ஷார்ட் ஆகியிருக்கும். மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும் நொடியில் நேர்வது இது. உள்ளே இருக்கும் தகவல் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். ஆனால் அதே மாடல் டிஸ்க்கின் பலகையைக் கழற்றிப் பூட்டினால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். இன்றைய டிஸ்க்குகளில் ஒவ்வொன்றுக்குமான தனி அளவீடுகள் பலகையில் உள்ள சிறு சிப்பில் இருக்கின்றன. அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். இதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

டிஸ்க் 'டக், டக்' என்று சீராகத் தட்டினால் உடனே நிறுத்துங்கள். படிக்கும் தலை தடுமாறுகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தட்டின் மேற்பரப்பு இன்னும் சிதையலாம். வேறு பிரதி இல்லாத படங்கள் அதில் இருந்தால், நாமே முயல்வது இந்த இடத்தோடு முடிகிறது.

டேட்டா கேபிளுக்கு 7 முனை; நீளம் 1 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. கேபிள் பழுது பல சமயம் முழுசாக வெளிப்படாது. டிஸ்க் தெரியும், பெரிய கோப்பை நகலெடுக்கும்போது மறையும், மறுபடி இயக்கினால் வரும். கடலோர ஈரப்பதத்தில் முனைகள் மங்குவதும் உண்டு; கழற்றிச் செருகினாலே சில நேரம் சரியாகிவிடும். கேபிள்தான் குற்றவாளி என்று உறுதிசெய்ய ஒரு எண் இருக்கிறது. அதைக் கர்னல் பகுதியில் சொல்கிறேன்.

பயாஸ்: மின்வெட்டுக்குப் பின் மறையும் டிஸ்க்

கணினியை இயக்கியதும் எஃப்2 அல்லது டெலீட் விசையைத் தட்டினால் பயாஸ் திறக்கும். டிஸ்க்கின் மாடல் எண் அங்கே தெரிய வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் இந்தப் படிக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 2023 போல, முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் லோடு ஷெட்டிங் கடுமையான காலத்தில் ஒரு நாளுக்குப் பல தடவை, தடவைக்கு 2 மணி நேரம் மின்சாரம் போகும். மதர்போர்டில் சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரி ஒன்று இருக்கிறது. சுவரில் மின்சாரம் இருக்கும்வரை அதற்கு வேலை குறைவு. மின்சாரம் இல்லாத மணி நேரமெல்லாம் கடிகாரத்தை அதுதான் ஓட்ட வேண்டும். பல போர்டுகளில் பயாஸ் அமைப்புகளையும் அதுதான் காக்கிறது. அது தீர்ந்துவிட்டால் மின்வெட்டுக்குப் பின் பயாஸ் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பும். அப்போது கணினி டிஸ்க்கோடு பேசும் சாட்டா முறை, லினக்ஸுக்கு ஏற்ற ஏஹெச்சிஐயிலிருந்து ரெய்டுக்கோ ஐடிஇக்கோ மாறிவிடக்கூடும். நேற்று வரை ஓடிய டிஸ்க் இன்று இல்லை. டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை, பேட்டரிதான் செத்துப்போயிருக்கிறது. தேதி பல ஆண்டுகள் பின்னே போயிருந்தால் அதுவே அடையாளம். அந்தத் தவறான தேதியில் லினக்ஸ் அப்டேட்டும் ஓடாது. தொகுப்புப் பட்டியல் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று முறையிடும். புது பேட்டரி 3 வோல்ட் காட்ட வேண்டும். பழைய கணினியைச் சர்வராக்கும் நாளிலேயே கேட்காமல் மாற்றிவிடுங்கள்.

சாட்டா முறையை ஏஹெச்சிஐயில் வையுங்கள். புதிய இன்டெல் கணினிகளில் விஎம்டி அல்லது ரேபிட் ஸ்டோரேஜ் என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், லினக்ஸ் ஏற்றும் நிரல் என்விஎம்இ என்ற வேகமான வகை டிஸ்க்கைக் காணாமல் போகலாம். அதை அணைத்தால் தெரியும். ஒரு எச்சரிக்கை: அதே கணினியில் விண்டோஸும் இருந்தால், இந்த மாற்றத்துக்குப் பின் அது எழும்பாமல் போகக்கூடும்.

மதர்போர்டில் சிறு அட்டை வடிவ டிஸ்க்குக்கான எம்.2 இடத்தில் ஒரு டிஸ்க்கைச் செருகியதும் ஏற்கெனவே ஓடிய சாட்டா டிஸ்க் மறைகிறதா? பல மதர்போர்டுகளில் எம்.2 இடமும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகளும் ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. எந்த எண் போர்ட் அணையும் என்று கையேட்டில் இருக்கும். வேறு போர்ட்டுக்கு மாற்றினால் போதும். எம்.2 டிஸ்க்கிலேயே சாட்டா, என்விஎம்இ என்று இரு வகை. ஒன்றை மட்டும் ஏற்கும் இடத்தில் மற்றது உட்காரும், ஆனால் தெரியாது.

கர்னல் படியும் டிஸ்ட்ரோ தேர்வும்

பயாஸில் தெரிகிறது, லினக்ஸில் தெரியவில்லை என்றால் இப்போதுதான் லினக்ஸைக் கேட்க வேண்டும். கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலில் எல்எஸ்பிஎல்கே என்ற கட்டளையைச் சிறிய எழுத்தில் தட்டினால் டிஸ்க்குகள் எஸ்டிஏ, எஸ்டிபி என்று வரிசையாக வரும். 4 டெராபைட் டிஸ்க் 3.6 என்று காட்டும், பதறாதீர்கள். தயாரிப்பாளர் ஆயிரத்தால் எண்ணுகிறார், கட்டளை 1024-ஆல் எண்ணுகிறது.

பட்டியலில் இல்லையென்றால் நிர்வாகி உரிமை தரும் சூடோ என்ற சொல்லை முன்னே போட்டு டிஎம்இஎஸ்ஜி கட்டளையை ஓட்டுங்கள். கர்னல் தன் அனுபவத்தை நேர வரிசையில் அதில் எழுதியிருக்கும். சாட்டா வரிகளில் 'லிங்க் டவுன்' என்றால் அந்தப் போர்ட்டில் யாரும் பேசவில்லை. 'லிங்க் அப்' என்று சொல்லி 6.0-க்குப் பதில் 1.5 ஜிகாபிட் என்று காட்டினால், பேச்சு தடுமாறி வேகம் குறைக்கப்பட்டிருக்கிறது, கேபிளைச் சந்தேகியுங்கள்.

முன்பு சொன்ன எண் இங்கே வருகிறது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பை ஏற்றி ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையால் டிஸ்க்கின் உடல்நிலைப் பட்டியலை வாங்குங்கள். அதில் 199-ஆம் வரி, கேபிள் வழியே சிதைந்து வந்த தகவலின் எண்ணிக்கை. அது ஒருபோதும் குறையாது. எனவே இன்றைய எண்ணைக் குறித்துக்கொண்டு, கேபிளை மாற்றி, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். ஏறவில்லையென்றால் குற்றம் கேபிளில்தான் இருந்தது. 5, 197, 198 ஆகிய வரிகள் வேறு கதை. அவை தட்டின் மேற்பரப்பில் கெட்ட இடங்களைச் சொல்கின்றன. 197 சுழியாக இல்லாமல் ஏறிக்கொண்டே போனால், அன்றைக்கே அந்த டிஸ்க்கை நகலெடுத்துவிடுங்கள். அதற்கு டிடிரெஸ்க்யூ நல்ல கருவி. படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டுப் பிடிவாதமான இடங்களுக்குப் பிறகு திரும்பும். எதுவரை வந்தது என்று ஒரு குறிப்புக் கோப்பும் வைத்துக்கொள்வதால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

டிஸ்ட்ரோ தேர்வு இந்தப் படியில்தான் உள்ளே வருகிறது. பழைய சர்வரிலிருந்து கழற்றிய எல்எஸ்ஐ ரெய்டு கார்டுகள் மலிவாகக் கிடைக்கும். எட்டு டிஸ்க்கை ஒரே கார்டில் பூட்டலாம் என்று வாங்குகிறார்கள். நிறுவனங்களுக்கான லினக்ஸான ரெட் ஹேட்டின் 8-ஆம் பதிப்பு வந்தபோது, அந்தப் பழைய கார்டுகள் பலவற்றின் ஆதரவை அதன் கர்னலிலிருந்து நீக்கிவிட்டார்கள். கார்டை இயக்கும் டிரைவர் நிரலின் பெயர் இருக்கும், ஆனால் அந்தக் கார்டின் அடையாள எண் பட்டியலில் இராது. ஆகவே டெபியன் என்ற லினக்ஸில் எட்டு டிஸ்க்கும் தெரியும் கணினியில், ரெட் ஹேட் வழியில் வந்த லினக்ஸ் ஒன்றையும் காட்டாது. அந்த வழியில் வந்த அல்மாலினக்ஸ் தன் 9.4 பதிப்பில், 2024-இல், நீக்கப்பட்ட பல அடையாள எண்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. கார்டின் குற்றமா லினக்ஸின் குற்றமா என்று பிரித்தறிய எளிய வழி, டிஸ்க்கில் ஏற்றாமலே யூஎஸ்பியிலிருந்து ஓடும் டெபியனின் லைவ் யூஎஸ்பியில் கணினியை எழுப்பி எல்எஸ்பிஎல்கே போட்டுப் பார்ப்பது. டிஸ்க்கில் எதையும் எழுதாமல் ஐந்து நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும்.

டிஸ்க்கில் கோப்புகள் அடுக்கப்படும் விதமான கோப்பு முறைமையிலும் இதே வேறுபாடு உண்டு. பழைய பெட்டி ஒன்றிலிருந்து வந்த டிஸ்க் பிடிஆர்எஃப்எஸ் முறையில் இருந்தால் டெபியனும் உபுண்டுவும் திறக்கும். அல்மாலினக்ஸ் 9-இன் வழக்கமான கர்னல் திறக்காது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிஸ்க்குக்கும் அங்கே வெளித் தொகுப்பு ஒன்றை ஏற்ற வேண்டும்.

அப்படியானால் எதைப் போடுவது? கோயில் அலுவலகச் சர்வர் போன்ற பயன்பாட்டுக்கு என் முதல் பரிந்துரை டெபியன். சலசலப்பில்லாதது, பழைய வன்பொருளை விடாமல் ஆதரிப்பது, ஒரு பதிப்பைப் போட்டால் மூன்று ஆண்டு முழுப் பராமரிப்பும் பிறகு இரண்டு ஆண்டு நீண்டகாலப் பராமரிப்புமாக ஐந்தாண்டு ஓடும். வரைகலை டெஸ்க்டாப் எதுவும் இல்லாமல் ஏற்றினால் 1 ஜிபி ரேம் கணினியிலும் ஓடுகிறது. 12-ஆம் பதிப்பிலிருந்து நெட்வொர்க் கார்டு, வைஃபை ஆகியவை இயங்கத் தேவையான ஃபர்ம்வேர் நிரல்கள் ஏற்றும் நிரலிலேயே சேர்ந்து வருவதால், முன்பிருந்த பெரிய தொல்லை ஒன்று ஒழிந்தது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஏற்றும்போது ரூட் என்ற தலைமைக் கணக்கின் கடவுச்சொல்லைக் காலியாக விட்டால்தான் உங்கள் கணக்குக்குச் சூடோ உரிமை தானாகக் கிடைக்கும். மிரர், அதாவது பதிவிறக்கத்துக்கான நகல் தளம், கேட்கும் இடத்தில் தென்னாப்பிரிக்காவைத் தேர்ந்தெடுத்தால் பதிவிறக்கம் உள்நாட்டிலிருந்தே வரும்.

கணினி புதிது, முதல் சர்வர் அனுபவம், இணையத்தில் தேடினால் உடனே பதில் கிடைக்க வேண்டும் என்றால் உபுண்டு சர்வர். அதை 2004-இல் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் தென்னாப்பிரிக்கர். பெயரும் இந்த மண்ணின் ங்குனி மொழிகளிலிருந்து வந்ததே, நம் 'மனிதம்' என்ற சொல்லுக்கு நெருங்கியது. சர்வருக்கு எல்டிஎஸ் என்ற நீண்டகாலப் பராமரிப்புப் பதிப்பைத் தவிர வேறெதையும் எடுக்காதீர்கள். இரட்டைப்படை ஆண்டு ஏப்ரலில் வரும் அதற்கு ஐந்தாண்டு பராமரிப்பு. இடைப்பட்ட பதிப்புகளுக்கு ஒன்பதே மாதம். மிகப் புதிய போர்டு என்றால் ஏற்றும் நிரலின் முதல் திரையில் புதிய வன்பொருளுக்கான ஹெச்டபிள்யூஇ கர்னலைத் தேர்ந்தெடுங்கள்.

உபுண்டுவில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று. டிஸ்க் இடத்தைப் பங்கிடும் வழக்கமான எல்விஎம் அமைப்பில் விட்டால், பெரிய டிஸ்க்கிலும் அது 100 ஜிபியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை ஒதுக்காமல் வைக்கும். 'என் 2 டெராபைட் டிஸ்க் 100 ஜிபிதான் காட்டுகிறது' என்ற புலம்பலுக்குக் காரணம் இதுவே. டிஸ்க்கும் முழுசு, லினக்ஸும் சரி. ஏற்றும்போதே அந்த அளவைத் திருத்தலாம். பிறகென்றால் எல்விஎக்ஸ்டெண்ட் கட்டளை, கோப்பு முறைமையையும் சேர்த்து நீட்டும் '-ஆர்' குறியோடு.

வேலையிடத்தில் ரெட் ஹேட் குடும்பம் இருப்பவர்களுக்கு அல்மாலினக்ஸோ ராக்கியோ பொருத்தம். 9-ஆம் பதிப்புக்கு 2032 மே வரை பராமரிப்பு. அதே குடும்பத்தின் பழைய சென்ட்ஓஎஸ் 7 இன்னும் ஓடும் கணினி இருந்தால் மாற்றுங்கள்; 2024 ஜூன் 30-உடன் அதன் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. இந்தக் குடும்பத்தில் எஸ்இலினக்ஸ் என்ற காவல் எப்போதும் விழித்திருக்கும். புது டிஸ்க்கை மவுண்ட் செய்து, நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் சாம்பாவில் பகிர்ந்தால் 'அனுமதி இல்லை' என்று வரும். டிஸ்க் கோளாறு என்று எண்ணிக் காவலையே அணைத்துவிடாதீர்கள். அந்தக் கோப்புறைக்குச் சாம்பாவுக்குரிய முத்திரையைக் கொடுத்தால் போதும். ஃபெடோரா, ஆர்ச் இரண்டும் நல்லவைதான், ஆனால் மாதத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கும் அலுவலகச் சர்வருக்கு அல்ல.

எதை ஏற்றினாலும், ஏற்றும் நேரத்தில் படங்கள் உள்ள டிஸ்க்குகளின் டேட்டா கேபிளைக் கழற்றிவிடுங்கள். லினக்ஸ் போகவேண்டிய டிஸ்க் ஒன்று மட்டும் இருக்கட்டும். எந்தப் பெயர் எந்த டிஸ்க் என்ற குழப்பத்தில் அழிந்த தொகுப்புகள் ஏராளம்.

தெரிகிறது, ஆனால் திறக்கவில்லை

பழைய எம்பிஆர் பார்ட்டிஷன் அட்டவணை 2 டெராபைட்டுக்கு மேல் எண்ணத் தெரியாதது. பெரிய டிஸ்க்குக்கு ஜிபிடி அட்டவணைதான். வெளி யூஎஸ்பி பெட்டியில் ஓடிய டிஸ்க்கைக் கழற்றி நேரே சாட்டாவில் பூட்டினால் சில நேரம் காலியாகத் தெரியும். சில பெட்டிகள் செக்டர் அளவை மாற்றிக் காட்டுகின்றன, சில தாமாகவே தகவலை மறையீடு செய்கின்றன. தகவல் போய்விடவில்லை, அதே பெட்டியில் திரும்பப் போட்டுப் படியுங்கள். விண்டோஸ் 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்டால், எந்தச் சூழலிலும் சரி என்று அழுத்தாதீர்கள்.

கடைசிப் படி மவுண்ட். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் நிலையானவை அல்ல. ஒரு டிஸ்க்கைச் சேர்த்தாலோ கழற்றினாலோ மாறிவிடும். ஆகவே எதை எங்கே மவுண்ட் செய்வது என்று குறிக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில், மாறாத அடையாளமான யூயூஐடி எண்ணை எழுதுங்கள். 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' அதைக் காட்டும். அதே வரியில் 'நோஃபெயில்' என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மின்வெட்டுக்குப் பின் டிஸ்க் ஒன்று எழும்பாதபோது, லினக்ஸ் 90 விநாடி காத்திருந்துவிட்டு அவசர நிலைத் திரையில் நின்றுவிடும். திரையில்லாத சர்வர் என்றால் வெளியிலிருந்து நுழையவே முடியாது. வரியை எழுதியதும் 'ஃபைண்ட்எம்என்டி' கட்டளையை '--வெரிஃபை' என்ற குறியோடு ஓட்டிச் சரிபார்த்துவிட்டே மறுதொடக்கம் செய்யுங்கள்.

யூபிஎஸ் வைத்தால் அதன் யூஎஸ்பி கேபிளையும் சர்வரில் செருகி, யூபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் 'நட்' தொகுப்பை ஏற்றுங்கள். சாதாரண யூபிஎஸ்ஸில் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. கணக்குப்படி 84 வாட்-மணி, கையில் கிடைப்பது ஏறக்குறைய பாதி. 50 வாட் சர்வரை 2 மணி நேர மின்வெட்டு முழுவதும் அதால் தாங்க முடியாது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஒழுங்காக மூடும்படி நட்டை அமையுங்கள். பயாஸில் மின்சாரம் திரும்பியதும் இயங்கு என்ற அமைப்பைப் போடுங்கள். மின்சாரம் வந்தும் சில நிமிடம் பொறுத்தே திறக்கும் காப்புச் சாதனம் சுவரில் இருந்தால், முதல் பாய்ச்சல் டிஸ்க்கை எட்டாது.

நோஃபெயில் போட்டவர்கள் ஒன்றைக் கட்டாயம் செய்ய வேண்டும். டிஸ்க் எழும்பாத நாளிலும் மவுண்ட் கோப்புறை வெறுமனே திறந்திருக்கும். படம் பதிவேற்றுபவருக்கு வித்தியாசம் தெரியாது. எல்லாம் லினக்ஸ் இருக்கும் சின்ன டிஸ்க்கில் போய் விழும், அது நிரம்பிச் சர்வரே திணறும். மறுநாள் பெரிய டிஸ்க் எழும்பியதும், முந்தைய நாள் படங்கள் அதன் அடியில் மறைந்துவிடும். அதனால் டிஸ்க்கை மவுண்ட் செய்வதற்கு முன், அந்தக் காலிக் கோப்புறையைச் சூடோவும் 'சிஹெச்ஏடிடிஆர் +ஐ' கட்டளையும் போட்டுப் பூட்டிவிடுங்கள். டிஸ்க் இல்லாத நாளில் எழுத முயன்றால் உடனே பிழை வரும், பதிவேற்றுபவர் உங்களுக்குச் சொல்வார்.